சம்பளச் சீட்டில் ஓர் 'எஸ்': ஸ்காட்லாந்தில் கூடுதலாகக் கட்டும் வரி எங்கே போகிறது?

கிரானைட்வாசி (அபர்டீன்)

வணக்கம். வட கடலில் எண்ணெய் மேடையில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை பார்க்கிறேன். இரண்டு வாரம் கடல், மூன்று வாரம் கரை. போன சுற்றில் சாப்பாட்டு மேசையில் வந்த பேச்சுதான் இந்த இழைக்குக் காரணம்.

என் கேபினில் மேல் படுக்கைக்காரர் நியூகாசிலில் இருந்து வருபவர். ஒரே வேலை, ஒரே ஹெலிகாப்டர், இருவருக்கும் ஆண்டுக்கு 60,000 பவுண்டு. அவர் சம்பளச் சீட்டில் வரிக் குறியீடு 1257எல். என்னுடையதில் எஸ்1257எல். முன்னால் நிற்கும் அந்த 'எஸ்'தான் ஸ்காட்லாந்து. 2025–26க்கு இருவரும் காகிதத்தில் கணக்குப் போட்டோம். அவரைவிட நான் ஏறத்தாழ 1,780 பவுண்டு அதிகம் கட்டுகிறேன்.

மனிதர் சிரித்துவிட்டு, "உங்களுக்கு மருந்துச் சீட்டு இலவசமாச்சே" என்றார். இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. அப்படியென்றால் போட்ட காசை எடுக்க நான் வருடத்துக்கு 180 மருந்து விழுங்க வேண்டும்!

சரி, கேள்விக்கு வருகிறேன். நான் இவ்வளவு கூடுதலாகக் கட்டினால் ஸ்காட்லாந்து அரசு செழிப்பாக அல்லவா இருக்க வேண்டும்? செய்தியைத் திறந்தால் பற்றாக்குறை, சிக்கனம் என்றுதான் வருகிறது. 2024 செப்டம்பரில் நிதியமைச்சர் ஷோனா ராபிசன் 50 கோடி பவுண்டு வெட்டு என்றார். காசு எங்கே போகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இதற்கிடையில் எங்கள் கம்பெனியில் ஆள்குறைப்பு ஆலோசனைக் கடிதமும் கொடுத்துவிட்டார்கள், அது தனிக் கதை.

---

கணக்கப்பிள்ளை (கிளாஸ்கோ)

நல்ல கேள்வி. இருபது வருடமாக உள்ளாட்சி நிதிக் கணக்கில் தலையை விட்டுக்கொண்டிருப்பவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எது யார் கையில் என்று பார்ப்போம். உங்கள் சம்பளத்தின் மீதான வருமான வரிக்கு விகிதமும் படிநிலையும் எடின்பரோவில், ஹோலிரூட் நாடாளுமன்றத்தில் முடிவாகின்றன. அதுவும் முழுமையாக வந்தது 2017 ஏப்ரலில்தான். ஆனால் 12,570 பவுண்டு வரை வரி கிடையாது என்ற முதல் கோட்டை வரைவது லண்டன். வங்கி வட்டிக்கும் டிவிடெண்டுக்கும் வரி விதிப்பது லண்டன். சம்பளத்தில் பிடிக்கும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவான நேஷனல் இன்ஷூரன்ஸ் லண்டன். வாட், கம்பெனி வரி, எண்ணெய் வரி, மதுத் தீர்வை எல்லாமே லண்டன். வீடு வாங்கும்போது கட்டும் வரியும் குப்பை மேட்டு வரியும் 2015இல் இங்கே வந்தன. வாட் வசூலில் பாதியை ஸ்காட்லாந்து கணக்கில் வைப்போம் என்று 2016 சட்டத்தில் எழுதிக்கொண்டார்கள். எவ்வளவு வசூல் இங்கே நடந்தது என்று நம்பகமாக மதிப்பிட முடியாமல் அது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

இந்தப் பாதிப் பாதி ஏற்பாட்டில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கே 42 சதவீத வரி 43,662 பவுண்டைத் தாண்டியதும் ஆரம்பம். இங்கிலாந்தில் 40 சதவீதம் 50,270க்கு மேல்தான். நேஷனல் இன்ஷூரன்ஸ் 8இல் இருந்து 2 சதவீதமாக இறங்குவதும் அதே 50,270இல், ஏனென்றால் அதை இங்கிலாந்தின் கோட்டோடு ஒட்டித் தைத்திருக்கிறார்கள். ஆக, இங்கே 43,662க்கும் 50,270க்கும் நடுவில் சம்பாதிக்கும் ஒவ்வொரு பவுண்டிலும் பாதி போய்விடும். யாரும் உட்கார்ந்து திட்டமிட்டுச் செய்ததல்ல. இரண்டு தையல்காரர்கள் ஒரே சட்டையைத் தைத்தால் கை ஒன்று நீளமாகும், அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 2025–26இல் 30,318 பவுண்டுக்குக் கீழே சம்பளம் வாங்கியவர் இங்கிலாந்துக்காரரைவிடக் குறைவாகக் கட்டினார். எவ்வளவு குறைவு? அதிகபட்சம் வருடத்துக்கு 28 பவுண்டு. இரண்டு பேர் வெளியே சாப்பிட்டால் காலி.

---

கிரானைட்வாசி

இதெல்லாம் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்ற கதை. பிடித்தது எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி ஐயா.

---

கணக்கப்பிள்ளை

வருகிறேன், வருகிறேன்.

ஒரு குடும்பத்தை வைத்துச் சொல்கிறேன். ஊரில் இருக்கும் தம்பிக்குச் சென்னை அண்ணன் மாதாமாதம் பணம் அனுப்புகிறான். எவ்வளவு ஏற்றி அனுப்புவது? தன் வீட்டுச் செலவு தலைக்கு எவ்வளவு ஏறியதோ அதே தொகையைத் தம்பி வீட்டில் தலைக்கும் ஏற்றுவது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறான். அதுதான் பார்னெட் சூத்திரம். 1970களின் கடைசியில் கருவூலத்தில் அமைச்சராக இருந்த ஜோயல் பார்னெட் பெயரில் நிற்கிறது. இங்கிலாந்தில் பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ 100 பவுண்டு கூடினால், மக்கள்தொகைக் கணக்கில் பத்துக்குச் சற்றுக் குறைவாக ஸ்காட்லாந்துக்கு வரும். தற்காலிகமாகப் போட்டது. பிற்காலத்தில் பார்னெட்டே இது நியாயமில்லை, தூக்கிப்போடுங்கள் என்றார். கேட்பாரில்லை.

அப்புறம் தம்பிக்கு வேலை கிடைக்கிறது. அண்ணன் சொல்கிறான்: "சரி, உன் சம்பளம் எவ்வளவோ அவ்வளவை நான் அனுப்புவதில் கழித்துக்கொள்கிறேன்." முதல் வருடம் வரவும் கழிவும் சமம். அடுத்த வருடத்தில்தான் விஷயமே. கழிவு ஏறுவது தம்பியின் சம்பளம் ஏறிய அளவுக்கு இல்லை, அண்ணன் வீட்டுச் சம்பளம் ஏறிய அளவுக்கு. தம்பி அண்ணனைவிட வேகமாக முன்னேறினால் மிச்சம் அவனுக்கு. மெதுவாக முன்னேறினால் துண்டு விழுவதும் அவனுக்கே.

அந்தக் கழிவுக்கு பிளாக் கிராண்ட் அட்ஜஸ்ட்மெண்ட் என்று பெயர். கிரானைட்வாசி தேடும் 1,780 பவுண்டு இந்தக் கழிவில்தான் கரைகிறது. வரியை ஏற்றி எடின்பரோ கூடுதலாகப் பிடிக்கிறது, அது உண்மை. ஆனால் லண்டனிலும் அதைச் சுற்றியும் பெரிய சம்பளங்கள் வேகமாக ஏறினால் இங்கே கழிவும் அதே வேகத்தில் ஏறும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் மொண்டு வந்த மாதிரி, பிடித்ததில் ஒரு பகுதிதான் வீடு வந்து சேர்கிறது. ஸ்காட்லாந்து பட்ஜெட்டுக்கு மதிப்பீடு போடும் தன்னாட்சி அமைப்பான ஸ்காட்டிஷ் ஃபிஸ்கல் கமிஷன் தன் அறிக்கைகளில் இதை வெளிப்படையாகவே சொல்லிவருகிறது.

---

தேம்ஸ்கரை (குரொய்டன்)

அண்ணை, அண்ணன் தம்பி கதை நல்லாய்த்தான் இருக்கு. ஆனால் காசு அனுப்புற அண்ணன் வீட்டுக் கணக்கையும் ஒருக்காப் பாருங்கோ. 2023–24க்கு ஸ்கொட்லாந்து அரசே வெளியிட்ட ஜெர்ஸ் எண்ட வருடாந்த வரவு செலவுக் கணக்கு அறிக்கையில் பற்றாக்குறை 2,270 கோடி பவுண்டு, அதாவது பொருளாதாரத்தில் 10.4 வீதம். முழு பிரித்தானியாவுக்கும் அது 4.5 வீதம்தான். அடுத்த வருஷ அறிக்கையில் 2,600 கோடியையும் தாண்டிவிட்டது.

என்ர மகள் இங்க பல்கலைக்கழகத்துக்கு 2025–26க்கு 9,535 பவுண்டு கட்டினா, எல்லாம் கடன். அங்க ஸ்கொட்லாந்துப் பிள்ளையளுக்கு இலவசம். 22 வயதுக்குக் கீழ பஸ் இலவசம், மருந்து இலவசம், வயசானவையை வீட்டில வந்து பராமரிக்கிறது இலவசம், பிள்ளை பிறந்தால் பெட்டி நிறையச் சாமான். நல்ல விஷயங்கள், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் தம்பி கஷ்டப்படுறான் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ.

---

டண்டீ மாணவன்

தேம்ஸ்கரை அண்ணா சொன்ன எண்கள் சரி. ஆனால் அந்த எண் எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஜெர்ஸ் பற்றாக்குறை ஸ்காட்லாந்து அரசு வாங்கிய கடன் அல்ல. ஸ்காட்லாந்தில் வசூலாகும் எல்லா வரியும் ஒரு பக்கம், ஸ்காட்லாந்துக்காக யார் செய்தாலும் எல்லாச் செலவும் இன்னொரு பக்கம். பாதுகாப்புத் துறை, பிரிட்டன் கடனுக்கு வட்டி, அரசு ஓய்வூதியம் எல்லாவற்றிலும் ஸ்காட்லாந்தின் பங்கும் அதில் சேர்த்தி. ஹோலிரூட் அரசு நினைத்தாலும் அப்படியொரு பற்றாக்குறையில் விழ முடியாது. அதன் பட்ஜெட் வருடா வருடம் சமமாக வர வேண்டும். மூலதனச் செலவுக்குக் கடன் மொத்தம் 300 கோடி பவுண்டு, ஒரு வருடத்தில் 45 கோடி என்று 2016 ஒப்பந்தத்தில் உச்சவரம்பு கட்டினார்கள். 2023இல் மறுபரிசீலனை செய்தபோது அதை விலைவாசியோடு ஏறவிட்டார்கள். அன்றாடச் செலவுக்குக் கடன் கிடையவே கிடையாது, வரி மதிப்பீடு தவறினால் அந்த ஓட்டையை அடைக்க மட்டும் வாங்கலாம்.

---

கணக்கப்பிள்ளை

தம்பி சொல்வது சரி, ஆனால் ஜெர்ஸை ஒரேயடியாகத் தூக்கி எறியவும் கூடாது. 1992இல், கன்சர்வேட்டிவ் ஆட்சியில் இயன் லாங் ஸ்காட்லாந்து அமைச்சராக இருந்தபோது அரசியல் கணக்கோடு ஆரம்பித்ததுதான். ஆனால் இப்போது அதைத் தயாரிப்பது எடின்பரோ அரசின் சொந்தப் புள்ளியியலாளர்கள். எண்ணெய் விலை உச்சத்தில் இருந்த காலத்தில் இதே ஜெர்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு "பார், நாம் பிரிட்டனைவிட நல்ல நிலையில் இருக்கிறோம்" என்று பேசியது ஸ்காட்லாந்து தேசியக் கட்சி. விலை விழுந்ததும் அதே எண் செல்லாக்காசு ஆகிவிட்டது. பிடிக்காத வருடத்தில் தராசைக் குறை சொல்வது எல்லாக் கட்சிக்கும் கைவந்த கலை.

---

கிரானைட்வாசி

எண்ணெய் என்றதும் என் பேட்டைக்குள் வந்துவிட்டீர்கள்.

1970இல் ஃபார்ட்டீஸ், 1971இல் பிரென்ட் என்று எண்ணெய் வயல்களைக் கண்டுபிடித்தார்கள். அந்த எண்ணெய் வந்த பிறகுதான் இந்த மீன்பிடித் துறைமுகம் பணக்கார ஊரானது. 1974இல் அரசுப் பொருளாதார ஆலோசகர் கேவின் மெக்ரோன் ஓர் அறிக்கை எழுதினார்: தனி ஸ்காட்லாந்து என்று ஒன்று அமைந்தால் எண்ணெய்ப் பணம் சங்கடப்படுத்தும் அளவுக்குக் குவியும் என்று. ரகசிய முத்திரை குத்தி உள்ளே வைத்துவிட்டார்கள். 2005இல்தான் வெளியே வந்தது. இங்கே எந்தப் பப்பில் உட்கார்ந்தாலும் மூன்றாவது கோப்பைக்குள் மெக்ரோன் பெயர் வந்துவிடும்.

நான் வந்தது 2014 தொடக்கத்தில். பீப்பாய் 110 டாலர். அடுத்த இரண்டு வருடத்தில், 2016 ஜனவரியில், 30க்குக் கீழே. என் தெருவில் ஒவ்வொரு மூன்றாவது வீட்டிலும் 'விற்பனைக்கு' பலகை. நான் அந்த உச்சத்தில் வாங்கிய பிளாட்டுக்கு இன்றுவரை போட்ட விலை வரவில்லை. ஜெர்ஸ் கணக்கில் வட கடல் வருமானத்தில் ஸ்காட்லாந்தின் பங்கு 2014–15இல் 180 கோடி பவுண்டு. 2015–16இல் வெறும் 6 கோடி. எழுத்துப்பிழை அல்ல, ஆறு.

இப்போது கணக்கப்பிள்ளை ஐயா சொன்ன கழிவுக் கணக்கை இதோடு பொருத்திப் பார்க்கிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். 2022 மே மாதம் லண்டன் கூடுதல் லாப வரி போட்டது. 25இல் ஆரம்பித்து, 2024 நவம்பரில் 38 சதவீதம் ஆனது. மற்ற வரிகளோடு சேர்த்தால் 78. இந்தப் பணம் போவது லண்டன் கருவூலத்துக்கு. சரி, கம்பெனி லாபம் பார்த்தால் வரி கட்டட்டும். ஆனால் கம்பெனி ஆள்குறைப்பு செய்யும்போது? போவது 60,000, 80,000 சம்பள வேலைகள். அந்தச் சம்பளத்தின் வருமான வரி எடின்பரோவுக்குப் போகிற பணம். அது குறையும். கழிவோ இங்கிலாந்துச் சம்பளங்களோடு ஏறிக்கொண்டே போகும்.

அதாவது எண்ணெயால் வரும் லாபத்தில் வரி ஒரு வாசலில் போகிறது, வேலை போனால் விழும் ஓட்டை இன்னொரு வாசலில் வருகிறது. சரியா?

---

கணக்கப்பிள்ளை

நான் மூன்று பதிவில் சொன்னதை மூன்று வரியில் சொல்லிவிட்டீர்கள். முழுக்கச் சரி.

ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். இது உடனே தெரியவும் தெரியாது. பட்ஜெட் போடும்போது வருமான வரிக்கு மதிப்பீடுதான் கையில் இருக்கும். உண்மையான வசூல் வந்து, வித்தியாசத்தைக் கூட்டிக் கழித்து நேர் செய்வது மூன்று வருடம் கழித்து. இன்று உங்கள் ஊரில் போகும் வேலை, அப்போதுதான் யாரோ ஒரு நிதியமைச்சரின் மேசையில் துண்டாக வந்து நிற்கும். அன்றைக்கு அவர் எதை வெட்டினாலும் பழி அவருக்கு.

கிராஞ்ச்மவுத்தையும் இதே கண்ணால் பாருங்கள். 1924இல் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலை, ஸ்காட்லாந்தில் இருந்த ஒரே ஒன்று. 2025 ஏப்ரலோடு கச்சா எண்ணெய் சுத்திகரிப்பு நின்றது. 400க்கு மேல் நல்ல சம்பள வேலைகள்.

---

லெர்விக் தீவான்

ஷெட்லாந்து பக்கம் யாரும் வரமாட்டீர்கள் என்று தெரியும், நானே வருகிறேன்.

எண்ணெய் வரும் என்று தெரிந்ததும் எங்கள் தீவுக் கவுன்சில் ஒரு வேலை செய்தது. 1974இல் தனக்கென்று நாடாளுமன்றத்தில் ஒரு சட்டத்தையே நிறைவேற்றிக்கொண்டது. சல்லம் வோவில் எண்ணெய் முனையம் கட்ட வேண்டுமா, எங்கள் நிலத்தில் எங்கள் நிபந்தனை, கப்பல் வந்து போவதற்கும் தீவுக்கு ஏற்படும் தொந்தரவுக்கும் காசு. அந்தப் பணத்தை ஓர் அறக்கட்டளையில் போட்டு வைத்தார்கள். சுமார் 23,000 பேர் வாழும் தீவுக்கூட்டத்தில் எட்டு நீச்சல் குளங்கள் இருக்கின்றன. வெளியே பனிக்காற்று சுழற்றி அடிக்கும் டிசம்பர் சாயங்காலம் என் பையன் வெந்நீர்க் குளத்தில் குதித்துக்கொண்டிருக்கிறான், எல்லாம் அந்தப் பழைய எண்ணெய்க் காசு.

எடின்பரோவுக்கும் லண்டனுக்கும் கிடைக்காத புத்தி ஒரு சின்னக் கவுன்சிலுக்கு இருந்தது. இரண்டு பேரும் யாருக்கு எவ்வளவு என்று சண்டை போட்டார்களே தவிர, சேர்த்து வைத்தது நார்வேயும் நாங்களும்தான்.

---

தேம்ஸ்கரை

லெர்விக், அது நியாயமான பேச்சு. ஆனால் எடின்பரோ கையில் காசு கிடைச்சால் என்ன செய்யும் எண்டதுக்கும் உதாரணம் இருக்கு. கப்பல் கதையை ஒருத்தரும் சொல்லேல்லையே?

---

கணக்கப்பிள்ளை

வரும் என்று எதிர்பார்த்தேன். மறைக்க ஒன்றுமில்லை, வெட்கக்கேடுதான்.

தீவுகளுக்கு இரண்டு பயணிக் கப்பல். 2015இல் போர்ட் கிளாஸ்கோவில் உள்ள ஃபெர்குசன் தளத்துக்கு 9.7 கோடி பவுண்டுக்கு ஒப்பந்தம். 2017 நவம்பரில் முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் 'கிளென் சானக்ஸ்' கப்பலை ஆற்றில் இறக்கி வைத்தார். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் மேல்தளத்துச் சன்னல்கள் கண்ணாடியே இல்லை, கறுப்புப் பெயிண்டில் வரைந்தவை! திருவிழாச் சப்பரத்தில் அட்டைக் குதிரை கட்டுவோமே, அந்த மாதிரி. தளம் திவாலாகி 2019இல் அரசே எடுத்துக்கொண்டது. கப்பல் பயணிகளை ஏற்றியது 2025 ஜனவரியில். செலவு ஒப்பந்தத் தொகையின் நான்கு மடங்கைத் தாண்டிவிட்டது. இரண்டாவது கப்பல் 2025இலும் தளத்தில்தான் இருந்தது. இடையில் அவசரத்துக்கு நான்கு கப்பல்களைத் துருக்கியில் ஆர்டர் கொடுத்தார்கள்.

ஆனால் ஏன் எடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கிளைடு ஆற்றின் கீழ்ப்பகுதியில் வணிகக் கப்பல் கட்டும் கடைசித் தளம் அது. சில நூறு வேலைகள். அந்த ஊரில் அதை மூடினால் அடுத்த வேலை என்று எதைக் காட்டுவது? நான் அமைச்சராக இருந்தாலும் மூடியிருப்பேனா என்று சந்தேகம்தான். சன்னலுக்குப் பெயிண்ட் மட்டும் அடித்திருக்க மாட்டேன்.

---

ஹைலேண்ட் நர்ஸ் (இன்வர்நெஸ்)

நைட் டியூட்டி முடித்து வந்து படிக்கிறேன், எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும்.

எல்லோரும் எண்ணெயும் கப்பலும் பேசுகிறீர்கள். ஸ்காட்லாந்தில் வேலை பார்ப்பவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் எங்களைப் போல அரசுத் துறை. இங்கிலாந்துப் பக்கத்தைவிட அது அதிகம். சம்பளமும் கொஞ்சம் கூடுதல்தான், ஒத்துக்கொள்கிறேன். 2025–26இல் புதிதாகச் சேர்ந்த நர்ஸுக்கு, அதாவது பேண்ட் 5 என்ற சம்பளப் படியில், இங்கே 33,000 பவுண்டுக்குச் சற்று மேல், இங்கிலாந்தில் 31,000 சொச்சம். அரசின் அன்றாடச் செலவில் பாதிக்கு மேல் சம்பளமே சாப்பிடுகிறது. எங்களுக்கு அரை சதவீதம் சேர்த்துக் கொடுத்தாலும் நிதியமைச்சருக்கு வயிற்றைக் கலக்கும்.

ஆனால் அந்தக் கூடுதல் எங்கே போகிறது பாருங்கள். நான் பேண்ட் 6. கணக்கப்பிள்ளை ஐயா சொன்ன அந்த 43,662 கோட்டைப் போன வருடம் தாண்டினேன். வார்டில் ஆள் இல்லை, ஒரு கூடுதல் ஷிஃப்ட் வாருங்கள் என்று ஃபோன் வரும். போனால் அந்தக் காசில் பாதி வரியிலும் இன்ஷூரன்ஸிலும் போய்விடுகிறது. கூட வேலை பார்க்கும் கோயம்புத்தூர்ப் பெண் இப்போதெல்லாம் அந்த ஃபோனையே எடுப்பதில்லை. ஆள் இல்லை என்று கூப்பிடுவதும் அரசு, வந்தால் பாதியைப் பிடிப்பதும் அரசு. இதை யாராவது ஒரே மேசையில் வைத்துப் பார்த்தார்களா?

இன்னொன்று. 2025 ஏப்ரலில் முதலாளி கட்டும் நேஷனல் இன்ஷூரன்ஸை லண்டன் 13.8இல் இருந்து 15 ஆக்கியது. அரசு மருத்துவமனையும் முதலாளிதானே. ஈடாக ஸ்காட்லாந்துக்கு வந்தது 33.9 கோடி பவுண்டு. எடின்பரோ அரசின் கணக்கில் செலவு 70 கோடிக்கு மேல். எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று பார்க்காமல் பார்னெட் கணக்கில் பங்கு போட்டால் இப்படித்தான்.

---

டண்டீ மாணவன்

அக்கா சொன்னதோடு விசாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். முதியோர் இல்லங்களுக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கும் வழியை 2025 ஜூலையில் லண்டன் மூடிவிட்டது. ஹைலேண்ட் பக்கம் வயதானவர்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள், வேலை செய்யும் வயதுக்காரர்கள் தெற்கே போகிறார்கள். ஸ்காட்லாந்தில் மொத்தமே 55 லட்சம் பேர். வரி கட்ட ஆள் வேண்டும் என்பது எடின்பரோவின் கவலை, யாரை உள்ளே விடுவது என்ற முடிவு லண்டனுடையது.

செலவுப் பக்கம் எடின்பரோ தானாக எடுத்துக்கொண்ட பாரமும் உண்டு. எங்கள் ஊரில்தான் சோஷியல் செக்யூரிட்டி ஸ்காட்லாந்தின் தலைமையகம். வருமானம் குறைந்த வீடுகளுக்கு 16 வயதுக்குக் கீழ் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாராவாரம் பணம் கொடுக்கிறார்கள், 2025–26இல் அது 27.15 பவுண்டு. 2021இல் ஆரம்பித்தபோது 10 பவுண்டு. இங்கிலாந்தில் இப்படி ஒன்று கிடையாது, ஆகவே லண்டனிலிருந்து இதற்கு ஒரு பைசாவும் வராது, முழுக்கக் கைக்காசு. மேல்மாடியில் மூன்று பிள்ளைகளோடு ஒரு அம்மா இருக்கிறார். வாரம் 81 பவுண்டு. அது வந்த பிறகுதான் மீட்டரில் காசு போட்டு ஹீட்டர் போடுகிறேன் என்பார். கிரானைட்வாசி அண்ணா, உங்கள் 1,780இல் ஏதோ கொஞ்சமாவது அந்த மீட்டரில் விழுகிறது.

---

கிரானைட்வாசி

அப்படிச் சொன்னால் வாயடைத்துவிடுகிறது தம்பி. மீட்டருக்குப் போவதில் எனக்கு வருத்தமில்லை. கழிவில் கரைவதில்தான் வருத்தம்.

---

தேம்ஸ்கரை

ஒரு கேள்வி. வருமான வரியைத்தான் ஏத்த வேணுமெண்டு என்ன கட்டாயம்? வேற வழி இல்லையோ?

---

கணக்கப்பிள்ளை

இருக்கிறது. இந்த இடத்தில் நான் எடின்பரோவைத்தான் குறை சொல்வேன். வீட்டுக்குக் கட்டும் உள்ளாட்சி வரியான கவுன்சில் டாக்ஸ் முழுக்க முழுக்க அவர்கள் கையில். அந்த வரியை இன்றைக்கும் எந்த மதிப்பில் போடுகிறோம் தெரியுமா? 1991 ஏப்ரல் மாத வீட்டு விலையில். அன்று பாழடைந்து கிடந்த துறைமுகக் கிடங்கு இன்று மாடிக்குடியிருப்பாகி விலை எங்கோ போய்விட்டது. பக்கத்திலேயே அன்று மதிப்பாக இருந்த வீடு இன்று சரிந்து கிடக்கிறது. இந்தச் சரித்திரப் பட்டியலை வைத்துத்தான் நான் வேலை பார்க்கிறேன். மறுமதிப்பீடு செய்தால் ஏறுகிறவர்கள் கத்துவார்கள், இறங்குகிறவர்கள் நன்றி சொல்ல மாட்டார்கள். எந்தக் கட்சியும் தொடவில்லை. 2007இலிருந்து பத்து வருடம் ஏறாமல் பூட்டி வைத்தார்கள், 2024இல் மறுபடி பூட்டினார்கள். பூட்டைத் திறந்த 2025 ஏப்ரலில் ஃபால்கிர்க்கில் ஒரே தாவலில் 15.6 சதவீதம்.

காற்றாலைக் கடல் பரப்பை 2022இல் ஏலம் விட்டதில் ஏறத்தாழ 70 கோடி பவுண்டு வந்தது. ஒரே முறை வரும் பணம். அதை பட்ஜெட் ஓட்டையை அடைக்கத் தொடுவதா, பசுமை வேலைகளில் போடுவதா என்று வருடா வருடம் இழுபறி. லெர்விக் சொன்ன நீச்சல் குளம் ஞாபகம் வருகிறது.

---

லெர்விக் தீவான்

இப்போது இங்கே 103 காற்றாலைகள் சுற்றுகின்றன ஐயா. குளம் இன்னும் எண்ணெய்க் காசில்தான் ஓடுகிறது.

---

ஹைலேண்ட் நர்ஸ்

விஸ்கியை விட்டுவிட்டீர்களே. இங்கே சுற்றுவட்டாரத்தில் அதுதான் வேலை.

---

டண்டீ மாணவன்

2024இல் ஏற்றுமதி 540 கோடி பவுண்டு அக்கா. பாட்டில் எண்ணிக்கையில் முதலிடம் நம் இந்தியா! 2025 ஜூலையில் கையெழுத்தான வணிக ஒப்பந்தப்படி 150 சதவீத இறக்குமதி வரி முதலில் 75 ஆகவும் பத்து வருடத்தில் 40 ஆகவும் இறங்க வேண்டும். ஆனால் விஸ்கி எவ்வளவு விற்றாலும் அதன் தீர்வையோ கம்பெனி வரியோ ஹோலிரூட் கஜானாவுக்கு வராது. வடிசாலையில் வேலை பார்ப்பவரின் சம்பள வரி மட்டும் வரும். எண்ணெய் கதையேதான்.

---

கிரானைட்வாசி

எல்லோருக்கும் நன்றி. ஒரு விஷயம் சொல்லாமல் விட்டேன். ஆள்குறைப்புப் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. நியூகாசில் பக்கம் ஒரு வேலை பேசி முடித்திருக்கிறேன், சம்பளம் கிட்டத்தட்ட அதேதான். ஆகஸ்டில் குடும்பத்தோடு மாறலாம் என்று யோசனை. கணக்கப்பிள்ளை ஐயா, மாறின நாளிலிருந்து அந்த 'எஸ்' போய்விடுமா? பாதி வருடம் இங்கே, பாதி அங்கே என்று பிரிப்பார்களா?

---

கணக்கப்பிள்ளை

வேலை போனதைக் கேட்க வருத்தமாக இருக்கிறது தம்பி.

பிரிக்க மாட்டார்கள். வரி ஆண்டு ஏப்ரல் 6இல் தொடங்குகிறது. அந்த ஆண்டில் அதிக நாள் முக்கிய வீடு எங்கே இருந்ததோ, முழு ஆண்டுக்கும் அந்தக் கணக்குதான். அக்டோபர் தொடக்கத்துக்கு முன் மாறிவிட்டால் அந்த ஆண்டு முழுவதும் நீங்கள் ஸ்காட்லாந்து வரிதாரர் இல்லை. ஏப்ரலிலிருந்து கூடுதலாகப் பிடித்ததும் திரும்பி வரும். பிரிட்டன் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.க்கு முகவரி மாற்றத்தை மறக்காமல் சொல்லுங்கள், முதலாளி சொல்லிக்கொள்வார் என்று விட்டால் 'எஸ்' அப்படியே நிற்கும்.

---

கிரானைட்வாசி

நல்லது ஐயா. பிளாட் விற்றால்தான் ஆகஸ்ட். மூன்று மாதமாகப் பலகை தொங்குகிறது, பார்க்க வந்தவர்கள் இரண்டு பேர்.